நூறு பர்சென்ட் ரிசல்ட்

லிங்கம்மா வாய் திறக்காமல் இருந்திருந்தால் கெம்பம்மாவுக்கு இன்னும் பத்து நாளைக்குத் தெரிந்திருக்காது.

மைசூர் ஹெப்பாளில் இருக்கிற அந்தப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இரண்டு பேருக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலை. புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிற மூன்றாவது மாடி அவர்கள் பொறுப்பு. பிள்ளைகள் எட்டரைக்கு வருவதற்குள் முந்தின நாள் பலகையில் எழுதியதையெல்லாம் அழித்து, மேசை துடைத்து, காபிக் கோப்பைகளைப் பொறுக்கிவிட வேண்டும். லிங்கம்மா மாப்பைப் பிழிந்துகொண்டே, தன் மகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. ஹால் டிக்கெட் வந்துவிட்டதென்றும், அதில் போட்டோ யாரோ போல விழுந்திருக்கிறதென்றும் சொல்லிச் சிரித்தாள்.

"எப்பக் குடுத்தாங்க?" என்றாள் கெம்பம்மா.

"போன சனிக்கெழமையே. எல்லா ஸ்கூல்லயும் குடுத்தாச்சே. உன் மகனுக்கு இன்னும் வரலியா?"

கெம்பம்மா மகனிடம் இரண்டு முறை கேட்டிருந்தாள். வெப்சைட்டு ஸ்டக் ஆகியிருக்கிறதாம், வந்ததும் கூப்பிட்டுக் கொடுப்பார்களாம் என்று தருண்குமார் சொல்லியிருந்தான். வெப்சைட்டு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அது அடிக்கடி நின்றுபோவதைப் பார்த்திருக்கிறாள். அதனால் நம்பினாள். இப்போது எல்லாப் பள்ளியிலும் கொடுத்தாயிற்று என்றால் தன் பையனுக்கு மட்டும் ஏதோ தடங்கல். ஃபீஸ் பாக்கியாக இருக்கும், கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருக்கிறான் என்று நினைத்தாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டாள். வேலைக்குப் போடும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

அவர்கள் இருப்பது கேசரெயில், ஒரு லைன் வீட்டில். ஹனூருக்கு அந்தப் பக்கம், காட்டோரம் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. ராகி முற்றுகிற நேரத்தில் யானை வந்துவிடும். மூன்று வருஷம் தொடர்ந்து பறிகொடுத்த பிறகு புருஷன் சித்தையனும் அவளும் பையனைக் கூட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தார்கள். அப்போது தருணுக்கு ஆறு வயது. சித்தையன் தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கும் கூலி. பையனைச் சேர்த்த பள்ளிக்கூடம் கேசரெ மெயின் ரோட்டிலேயே இருந்தது. வாசலில் ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். நூறு என்ற எண்ணும் அதைச் சுற்றி நிறையப் பிள்ளைகளின் முகங்களும். அடுத்த வருஷப் பேனரில் தன் பையன் முகமும் இருக்கும் என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவள் நினைத்துக்கொள்வாள்.

பள்ளிக்கூட ஆபீஸ் ஜன்னலில் கிளார்க்கு உட்கார்ந்திருந்தார். கெம்பம்மாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. தருண்குமார், சித்தையன் மகன், பத்தாவது பி செக்ஷன், ஹால் டிக்கெட் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டாள். கிளார்க்கு பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

"இந்தப் பேர்ல யாரும் இல்லையேம்மா."

"நல்லாப் பாருங்க சார். ஒல்லியா இருப்பான். கடைசி பெஞ்சு."

பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்த பியூன் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பையனா? போன ஜூன்லயே டி.சி. வாங்கிட்டுப் போயிட்டானே சார். அந்த ஏழு பேர்ல ஒருத்தன்."

கிளார்க்கு அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். தாள்களைப் புரட்டி ஒன்றை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தாள் முழுக்கக் கன்னடமும் இங்கிலீஷும். கீழே ஒரு மூலையில் மட்டும் ஒரு தமிழ் வார்த்தை இருந்தது. அது அவள் பெயர். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்ததில் மிச்சம் இருந்த ஒரே எழுத்து.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான். இதுல என்ன எழுதியிருக்குது சார்?"

"பையனை ஸ்கூல்ல இருந்து நிறுத்திக்கறேன், டி.சி. கொடுங்கன்னு எழுதியிருக்கு. நிறுத்தறதுக்குக் காரணம்: பெற்றோர் விருப்பம்."

அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. விடிகாலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையன் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, ஸ்காலர்ஷிப் பேப்பர், ஒரு கையெழுத்துப் போடு என்று நீட்டினான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அடுப்பு மேடையில் தாளை வைத்துப் போட்டாள். கையெழுத்து கோணலாக விழுந்துவிட்டதே, பரவாயில்லையா என்றுகூடக் கேட்டாள்.

ஹெச்.எம். மேடம் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"நாங்க போகச் சொல்லலம்மா. நைன்த்ல அவனுக்கு மேக்ஸ்ல பத்து, சயின்ஸ்ல பன்னெண்டு. டென்த் எழுதினா கண்டிப்பா ஃபெயிலு. அதுக்குப் பதிலா வேற இடத்துல சேரலாம், இல்ல ஒரு வருஷம் டியூஷன் வெச்சு ப்ரைவேட்டா எழுதலாம்னு பெற்றோர்கிட்டப் பேசினோம். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"என்கிட்ட யாரும் பேசலீங்களே மேடம்."

"உங்களை வரச் சொல்லி அனுப்பினோம். அம்மாவுக்கு லீவு கிடைக்காதாம், பேப்பரைக் கொடுங்க, கையெழுத்து வாங்கிட்டு வரேன்னு அவன்தான் சொன்னான்."

கெம்பம்மா எழுந்து நின்று கையைக் கூப்பினாள். "மேடம், இப்பவும் பதினஞ்சு நாள் இருக்குது. ஓரமா ஒரு எடம் குடுத்தீங்கன்னாப் போதும். கடைசி பெஞ்சுல உக்காந்து எழுதிட்டுப் போயிருவான். பாஸாகலைன்னாலும் உங்களைக் கேக்க மாட்டேன்."

"எடம் இல்லாமயா சொல்றேன்? ரிஜிஸ்ட்ரேஷன்னு ஒண்ணு இருக்கும்மா. அது போன வருஷமே முடிஞ்சுது. இனி யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆகஸ்ட்ல வாங்க. ப்ரைவேட்டா எழுத என்ன செய்யணும்னு கிளார்க்கு சொல்லுவார். டி.சி.யைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க."

வெளியே வந்தபோது வெயில் தலையில் இறங்கியது. ஒன்பது மாதமாக ஒரு நாள் விடாமல் யூனிபார்ம் சட்டையைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள். இந்த வருஷம் பாக்கெட்டில் மைக்கறையே இல்லை, பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று லிங்கம்மாவிடம் பெருமை பேசியிருக்கிறாள். அவள் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவாள். அவன் எட்டு மணி சுமாருக்கு யூனிபார்மோடு கிளம்புவதை லைன் வீட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பள்ளி விட்டதும் ஹெப்பாளில் இரும்புச் சாமான்களுக்குக் கலர்ப் பவுடர் பூசுகிற ஒரு பவுடர் கோட்டிங் ஷெட்டில் மூன்று மணி நேரம் வேலை, சம்பளத்தை அம்மா கையில் கொடுத்துவிடுவான். இதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் இப்போது வேறெங்கே இருப்பான்? வந்த வழியே திரும்ப ஹெப்பாளுக்கு பஸ் ஏறினாள்.

ஷெட் இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் உள்தெருவில் இருந்தது. தகரக் கூரை. நுழைந்ததும் வரிசையாகத் தொட்டிகள். முதல் தொட்டியிலிருந்து வந்த ஆசிட் நெடி தொண்டையைப் பிடித்தது. ஜன்னல் கம்பிகள், சுவிட்ச் பெட்டிகள், சைக்கிள் கூடைகள் எல்லாம் அதில் முங்கி எழுந்து, தண்ணீரில் அலசப்பட்டு, கொக்கிகளில் தொங்கியபடி காய்ந்துகொண்டிருந்தன. கடைசியில் சுட்டு எடுக்கிற ஓவன் திறந்து மூடும்போதெல்லாம் ஒரு அனல் அலை வந்து போனது. அதற்கு முன்னால், மூன்று பக்கம் அடைத்த ஒரு அறைக்குள், முகத்தில் துணி கட்டிய ஒருவன் ஸ்ப்ரே கன்னைப் பிடித்துப் பவுடர் அடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சிமெண்ட் கலர். தலைமுடி, புருவம், இமை, காது மடல் எல்லாம் சிமெண்ட். அவள் அவனைத் தாண்டி உள்ளே மகனைத் தேடினாள். பிறகு சட்டென்று திரும்பிப் பார்த்தாள். இடது காலில் மட்டும் பாரம் போட்டு நிற்கிற அந்த நிற்பு சித்தையனுடையது.

அவனும் பார்த்துவிட்டான். கன்னின் சத்தம் நின்றது.

"வாங்க அக்கா, தருணு அம்மாங்களா?" சூப்பர்வைசர் கருப்புசாமி ஓடி வந்தான். அவனும் ஹனூரை ஒட்டிய ராமாபுரத்துப் பக்கத்து ஆள், அந்தப் பேச்சே சொன்னது. "பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க, பையன் நல்லாத்தான் இருக்கறான். ஜூன்ல சேந்தவன் ஒரு நாளு லீவு போடலீங்க. காலைல ஒம்பதுன்னா ஒம்பது. பெரியவங்களே பவுடர வீணாக்கறாங்க, இவன் கைக்கு அது அப்படி நெதானமா வருதுங்க. பதினெட்டு ஆயிருச்சுன்னு சொன்னானுங்க, அப்பறம் பாத்தாத்தான்..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சாப்பாட்டு நேரந்தான். கூட்டிட்டுப் போய்ப் பேசுங்கக்கா."

தருண் காற்றுக் குழாயை எடுத்துத் தலையிலும் சட்டையிலும் அடித்துக்கொண்டான். சாம்பல் புகைபோலக் கிளம்பி அடங்கியது. உள்ளேயிருந்து அவள் பையன் வந்தான். இமையில் மட்டும் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

தெருமுனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு டீ வண்டி நின்றது. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்கள். அவன் மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது. விடிகாலை நாலு மணிக்கு அவள் கட்டிவைத்த சித்ரான்னம். திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளா?" என்றாள்.

"ஜூன் பதினாறுல இருந்து."

"ஸ்காலர்ஷிப்புன்னு சொல்லித்தான என்ற கைல கையெழுத்து வாங்குன?"

"ம்."

"பச்சப் பொய்யி."

"ம்."

"வாயத் தொறந்து சொல்லு தருணு. யாரு உன்னையப் போகச் சொன்னாங்க?"

அவன் காலால் மண்ணைக் கிளறினான். அவனுக்குக் கன்னடம்தான் சரளமாக வரும். தமிழில் பேசினால் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவான். "போன்னு யாரும் சொல்லலம்மா. எங்க ஏழு பேரையும் ஸ்டாஃப் ரூமு முன்னால நிக்க வெச்சாங்க. ஒரு மிஸ்ஸு போர்டுல எழுதிக் காட்டுனாங்க. எழுவது பேரு. இந்த ஏழு பேரு இருந்தா ரிசல்ட்டு தொண்ணூறு. இல்லைன்னா நூறு. எனக்கு அந்தக் கணக்கு மட்டும் நல்லாப் புரிஞ்சுதும்மா."

"என்னையக் கூப்புட்டாங்களாமே. வந்து கால்ல விழுந்திருப்பனே சாமி."

"அதுக்குத்தான் சொல்லல."

டீ வண்டிக்காரன் இவர்கள் பக்கம் பார்க்காமல் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தான். கெம்பம்மா கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"செரி. போனது போச்சு. அடுத்த வருஷம் ப்ரைவேட்டா எழுதலாமாம். அந்த மேடமே சொன்னாங்க. இன்னிக்கே வேலைய உட்டுட்டு வா. எங்காச்சும் டியூசன் போடறேன். நான் ரெண்டு ஷிப்டு பாக்கறேன்."

"பிடும்மா." விடு என்பது அவனுக்குக் கன்னடத்தில்தான் வந்தது.

"எதுக்கு உடணும்? உனக்குப் பதினாறு வயசு. இந்த ஆசிட்டத் தின்னுட்டு நிப்பியா ஆயுசுக்கும்?"

"ஆகாதும்மா. இப்ப நான் வேலைய உட முடியாது."

"ஏன் முடியாது?"

அவன் டிபன் பாக்ஸைத் திறந்தான். நேரமாகிறது என்பதுபோல வேக வேகமாக நாலு வாய் சாப்பிட்டான். நகக்கண்ணெல்லாம் வெந்து வெளுத்திருந்தன. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதமாக அவன் ராத்திரிச் சோற்றை ஸ்பூனால் சாப்பிடுகிறான், பட்டணத்துப் பழக்கம் என்று அவளும் விட்டுவிட்டிருந்தாள்.

"அப்பாவக் கேளு," என்றான் குனிந்தபடியே.

சித்தையன் எப்போதும்போல ஆறரைக்கு வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு சீப்பு கனிந்த ஏலக்கிப் பழம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். அவள் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"பையன் பள்ளிக்கூடம் போகலைன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவர் பழத்தை மாடத்தில் வைத்தார். சுவரோரம் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஆயுத பூஜைக்கு அந்த ஷெட்டுக்கு வாழக்கன்னு எறக்கப் போனன். கருப்புசாமிதான் சொன்னான், ஜூன்ல இருந்து முழு நாளும் இங்கதான் வேல செய்யறான்னு. அப்பத் தெரியும்."

"அன்னிக்கே என்ற கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"காலப் புடிச்சுட்டு அழுதாம் புள்ள. அம்மாகிட்டச் சொல்லாதீங்கன்னு. பரிச்சை வரைக்கும் போகட்டும், அப்பறம் ஃபெயிலாயிட்டேன்னு சொல்லிக்கறேன்னான்." சித்தையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நான் அடிச்சுக் கூட்டியாந்திருப்பன். ஆனா அப்பறம் அந்த மார்கழில..."

"மார்கழில என்ன?"

"தாரு எறக்கறப்ப முதுகுல பட்டுனு ஒரு சத்தம். சுளுக்குன்னு உங்கிட்டச் சொன்னனே, அது சுளுக்கில்ல. பெரியாஸ்பத்திரில படம் எடுத்துப் பாத்தாங்க. இனிமே வெயிட்டே தூக்கப்படாதுன்னுட்டாங்க."

கெம்பம்மா துடுப்பை விட்டுவிட்டுத் திரும்பினாள். "தெனமும் போறீங்களே. சனிக்கெழமையானாக் கூலி கொண்டாந்து குடுத்தீங்களே."

"அது பையன் குடுத்தது. அவஞ் சம்பளத்துல சாயந்தர வேலைக்குன்னு கொஞ்சம் உங்கிட்டக் குடுத்துட்டு, மீதிய எங்கிட்டக் குடுப்பான். நான் அத வாரத்துக்கு வாரம் பிரிச்சு உங்கிட்டக் குடுப்பன்."

"அப்பப் பகலுக்கெல்லாம் எங்க இருக்கறீங்க?"

"மார்க்கெட்டு முன்னால, சின்னக் கடியாரக் கோபுரத்தடில."

"என்ன பண்ணுவீங்க?"

"உக்காந்திருப்பன். நெழலு நகர்ந்தா நானும் நகர்ந்துக்குவன். சாயந்தரம் மண்டில கழிச்சுப் போட்ட பழத்த ஒரு சீப்பு கேட்டு வாங்கியாருவன். மூணு மாசமா அப்படித்தான் புள்ள."

களி அடிப்பிடித்து வாசனை வந்தது. யாரும் எழுந்து இறக்கவில்லை. புருஷனைத் திட்ட வேண்டும் என்று அவளுக்கு வாய் வரை வந்தது. காலையில் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எதையும் தூக்க முடியாத ஒரு மனுஷன் மார்க்கெட்டுக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வருவதை நினைத்தாள். பிறகு திட்ட முடியவில்லை. இரண்டு ஆம்பிளைகளும் தினமும் தனக்காக வேஷம் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். அவளும் இரண்டு பேருக்கும் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

எட்டு மணிக்குத் தருண் வந்தான். மூன்று பேரும் அந்தத் தீய்ந்த களியையும் மொச்சைக் குழம்பையும் சாப்பிட்டார்கள். அன்றைக்கு அவன் ஸ்பூன் எடுக்கவில்லை. காரம் விரல்களில் பட்டு எரிந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு கெம்பம்மா சும்மா இருக்கவில்லை. தன் சூப்பர்வைசரிடம் சொல்லி இரண்டு ஷிப்டு பார்க்க ஆரம்பித்தாள். ஐந்தாவது நாள் படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. லிங்கம்மாதான் தூக்கிவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் நல்லவிதமாகத்தான் சொன்னார். சித்தையனுக்கு எங்காவது வாட்ச்மேன் வேலை கிடைக்குமா என்று விசாரித்தாள். நாள் முழுக்க நிற்க வேண்டும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கருப்புசாமியை வீட்டுக்கே வரச் சொல்லி, பையனை வாரத்தில் மூன்று நாள் ஐந்து மணிக்கு விட முடியுமா, டியூஷன் போவான் என்று கேட்டாள்.

"விடலாமுங்கக்கா, நான் என்ன சொல்லப் போறன்? ஆனா கன்னு வேலைய அப்பறம் வேற ஆளுக்குத்தான் குடுப்பாங்க. இவன் மறுபடி ஆசிட்டுத் தொட்டிக்குப் போகணும். சம்பளமும் கொறையும்." கருப்புசாமி டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான். "நான் ஏழாவதுல நின்னவனுங்க. ஆறு வருசம் தொட்டில நின்ன பொறவுதான் என் கைல கன்னக் குடுத்தாங்க. இவனுக்கு ஒம்பதே மாசத்துல குடுத்திருக்கறாங்க. அத உட்டுறாதீங்கன்னுதான் நான் சொல்லுவன்."

தருண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆசிட்டுத் தொட்டி என்றதும் அவன் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

அன்று மத்தியானம் அவள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள். "கன்னு கெடக்கட்டும். படிக்கணும்னு உனக்குக் கொஞ்சமாச்சும் ஆச இருக்குதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

அவன் யோசித்தான். பொய் சொல்ல யோசிக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"மொதல்ல இருந்துச்சும்மா. யூனிபார்ம் போட்டுட்டு பஸ்ல போறப்ப எங்கியாச்சும் வேற ஸ்கூல்ல எறங்கி உள்ள போயிரலாமான்னு தோணும். இப்பப் புஸ்தகத்தத் தொறந்தா எழுத்தெல்லாம் தெரியுது, ஆனா ஒண்ணும் மண்டைக்குள்ள போகல. எட்டாவது பாடமே மறந்துபோச்சு. ஆகஸ்டு, டியூசன்னு நீ சொல்றப்ப எனக்கு பேஜாரா இருக்குது. உனக்காகச் செரின்னு சொல்லுவன். சொன்னா மறுபடி பொய்தான்."

"அப்ப சொல்லாத," என்றாள் அவள்.

ஆகஸ்ட் பேச்சு அத்தோடு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, அவளும் எடுக்கவில்லை. சித்தையன் மட்டும் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்தார். லைன் வீட்டில் கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றார். தருண் கலர்ச் சட்டையில் வேலைக்குப் போக ஆரம்பித்தான். பரீட்சைக்கு முன்னால் ஸ்டடி லீவு விட்டிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் தாங்களாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டார்கள். கெம்பம்மா அதைத் திருத்தவில்லை.

பரீட்சை தொடங்குகிற நாளில் அவளுக்கு ஜெனரல் ஷிப்டு. அம்மாவும் மகனும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் அவளுக்கு மகளிர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, இவனைப் பார்த்து ஸ்டூடன்ட் பாஸ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அவன் முழு டிக்கெட் வாங்கினான். பஸ் முழுக்க வெள்ளைச் சட்டையும் ரெட்டைப் பின்னலுமாக இருந்தது. நெற்றியில் விபூதி, குங்குமம், கையில் கண்ணாடி போன்ற பேடு, அதற்குள்ளே மடங்காமல் வைத்த ஹால் டிக்கெட். சிலர் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கெம்பம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. தருண் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஸ்டாப்பில் ஏறின ஒரு பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது வரை அவனோடு படித்த வைஷாலி. அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏ தருண்! நின்து யாவ சென்டரோ?"

எந்த சென்டர் என்று கேட்கிறாள். கெம்பம்மா அவனைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்த விரல்கள் இறுகின.

"ஹெப்பாள்," என்றான்.

"அவ்ளோ தூரமா? டி.சி. வாங்கிட்டுப் போனியே, அந்தப் பக்கமே சேர்ந்துட்டியா?" அவள் கன்னடத்தில் படபடவென்று பேசினாள். மற்ற ஆறு பேரில் ஒருத்தன் பெங்களூருக்குப் போய்விட்டானாம், ஒருத்திக்குக் கல்யாணமே ஆகிவிட்டதாம், நீயாவது எங்கேயோ சேர்ந்தாயே என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் கண் அவனுடைய வெறுங்கையில் வந்து நின்றது.

"பேடு, பேனா, ஹால் டிக்கெட்டு, ஒண்ணையும் காணோமே?"

தருண் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"எல்லாம் என்கிட்ட இருக்குது கண்ணு," என்றாள் கெம்பம்மா. எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை, தடுமாறாமல் வந்தது அந்தக் கன்னடம். மடியிலிருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதற்குள் இரண்டு டிபன் பாக்ஸும் பவுடர் ஏறி விறைத்துப்போன அவனுடைய வேலைப் பேண்டும் இருந்தன. "தொலைச்சுப் போடுவான்னு நானே வெச்சிருக்கறேன். சென்டருக்கு நானும் கூடத்தான் போறேன்."

"எங்கம்மாவும் இப்படித்தான் ஆன்ட்டி, வரேன் வரேன்னு ஒரே பாடு. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்று சிரித்தாள் வைஷாலி. அவள் சென்டர் வந்துவிட்டது. "ஆல் தி பெஸ்ட் டா!"

"உனக்கும்," என்றான் தருண்.

வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. சிட்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியபோது பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். பக்கத்து சீட் காலியானது. தருண் உட்கார்ந்தான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீயும் நல்லாச் சொல்றம்மா," என்றான். சிரிக்க முயன்றான்.

அவள் பையின் வாயைச் சுருட்டி மூடினாள்.

ஹெப்பாளில் இறங்கினார்கள். அவன் பையிலிருந்து தன் டிபன் பாக்ஸையும் பேண்டையும் எடுத்துக்கொண்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் ஷெட், இந்தப் பக்கம் நேராகப் போனால் அவள் கேட்.

"சாயந்தரம் லைன் வீட்டுல எல்லாரும் கேப்பாங்களே," என்றாள் கெம்பம்மா. "பரிச்சை எப்படி எழுதுனான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு லாரி போவதற்காகக் காத்திருந்தான்.

"இன்னிக்குக் கன்னடா பேப்பருதான? ஈஸியா இருந்துச்சுன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போனான்.